சபைக் குவாரியின் தண்ணி: உரிமம் ஆரிட்ட, கலங்கல் ஆற்ற கிணத்தில?

மலையடி | ஓகஸ்ட் 12, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். ஊர்ப் பேரும் எங்கட உள்ளூராட்சிச் சபையின்ர பேரும் வேண்டாம், திருகோணமலை மாவட்டம் எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்கோ.

எங்கட வீட்டுக்கு வடக்கால அரைக் கிலோமீற்றர் கூட வராது, சபையின்ர கல்குவாரி. ரோட்டு வேலைக்குக் கல்லு எடுக்கிற மலை. அப்பா காலத்தில ஆள் வைச்சு உளியால உடைச்சது. இப்ப கொம்பிரசர், கிரஷர், கிழமைக்கு ரெண்டு வெடி. கிடங்கு எங்கட கிணத்துத் தண்ணி மட்டத்துக்குக் கீழ இறங்கி மூண்டு வருஷமாச்சு. ஊறுற தண்ணியை மோட்டர் போட்டு இறைச்சு வாய்க்காலுக்க விடுறாங்கள்.

போன கார்த்திகைக் கடைசியில கிணத்துத் தண்ணி பால் தேத்தண்ணி மாதிரி வந்தது. வாளியில வைச்சா விடிய அடியில சாம்பல் நிறத்தில மா மாதிரிப் படியும். தை பிறக்கத் தெளிஞ்சிட்டுது. இப்ப கச்சான் அடிக்குது, கிணறு வழமையை விட ரெண்டு வளையம் கீழ.

பகிடி என்னெண்டா, போன கிழமை அதே கிடங்குத் தண்ணியைச் சபை பவுசரில ஏத்தி, கிணறு வத்தின வீடுகளுக்குக் குடுத்தது. "குளிக்கக் கழுவ மட்டும்" எண்டு சொல்லித்தான் குடுத்தவங்கள். வாளியை வாங்கிக்கொண்டு போற ஆச்சி அதைக் குளிக்கிறாவோ குடிக்கிறாவோ எண்டு ஆர் பின்னால போய்ப் பார்க்கிறது?

குவாரி தண்ணி எடுக்க, இறைச்சு வெளியில விட உரிமம் எண்டு ஒண்டு இருக்கா? சபையே குவாரிக்காரனா இருக்கேக்க ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? உரிமம் புதுப்பிக்கப் போறதாக் கதை அடிபடுது, அதால கொஞ்சம் அவசரம்.


கொட்டியாரத்தான் | ஓகஸ்ட் 12, இரவு 11.15

தம்பி, வீடியோ எடுத்து முகநூலில போடும். நாங்கள் இஞ்ச ரொறன்ரோவில இருந்து பகிர்ந்து நாறடிக்கிறம். இயற்கையை அழிக்கிறவங்களை விடக்கூடாது. கன்னியா வெந்நீரூற்றுக்கே இந்த வெடியால ஆபத்து வரும் பாரும். சிறுநீரக வருத்தமும் இதாலதான்.


வயற்காரி | ஓகஸ்ட் 13, காலை 5.50

கொட்டியாரத்தான் அண்ணை, வீடியோ போட்டா எங்கட வாய்க்காலில கிடக்கிற கல்லுமாவை ஆர் வந்து அள்ளுறது? நீங்களோ?

மலையடி, நானும் கிட்டத்தட்ட அதே பக்கம். பெரும்போகத்துக்கு வாய்க்கால் துப்பரவு செய்யேக்க முந்தி மண்ணும் சேறும் வரும், அது பயிருக்கு நல்லது. இப்ப வாறது சீமெந்து மாதிரி. வெயில் பட்டா இறுகி மண்வெட்டி ஏறாது. கடைமடையில ரெண்டு ஏக்கர் விதைக்க முடியாமப் போச்சு. வாய்க்கால் தண்ணியைப் பார்க்கிற வட்டவிதானையார் சபைக்குக் கடிதம் குடுத்தவர். "கவனத்தில் எடுக்கப்பட்டது" எண்டு பதில் வந்தது. அவர் அதைப் பிளாஸ்ரிக் உறையில போட்டு வைச்சிருக்கிறார்.


சட்டம்_கொஞ்சம் | ஓகஸ்ட் 13, மாலை 6.20

மலையடி கேட்ட ஒழுங்கிலேயே சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் உரிமம்" என்று தனியாக ஒரு கடதாசியைத் தேடினால் கைக்குக் கிடைக்காது. ஆறு, குளம், பொது ஓடைத் தண்ணீருக்கு 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச்சட்டத்தில் ஏற்பாடு உண்டு. நிலத்தடி நீருக்கு 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த நீர்வளச் சபை. 1999இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. குவாரிக் கிடங்கில் ஊறும் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. கிணறு வெட்டவில்லை, ஓடையை மறிக்கவில்லை, கல்லை எடுத்தோம், தண்ணீர் தானாக வந்தது என்பார்கள்.

ஆனால் வெளியே விடும் தண்ணீருக்கு நல்ல பிடி இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 23அ பிரிவு. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், அதாவது எல்லோரும் ஈபிஎல் என்று சொல்வது, அதன் கீழ்தான் வருகிறது. 2008 வர்த்தமானிப் பட்டியலில் பல துளைகள் போட்டு ஒன்றாக வெடிக்கும் இயந்திரக் குவாரி முதலாவது பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு உரிமம் ஒரு வருடம்தான் செல்லும். கொடுப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபை. சிறு தொழில்கள் அடங்கிய மூன்றாவது பகுதிக்குத்தான் உள்ளூராட்சி சபைகள் கொடுக்கும். ஆகவே இந்த விசயத்தில் சபை தனக்குத் தானே கையெழுத்துப் போட முடியாது. அதுவும் ஒரு தனியார் குவாரிக்காரன் போல வரிசையில் நின்று விண்ணப்பிக்க வேண்டும். 2022இல் பட்டியல் திருத்தப்பட்டது, புதியதையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

கல் எடுக்கும் உரிமம் வேறு. அது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துடையது. வெடிமருந்து அனுமதி பாதுகாப்பு அமைச்சு வழியாக வரும். மூன்று கடதாசி, மூன்று கந்தோர். ஒருவர் மற்றவரின் கோப்பைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. 1993 ஜூன் 24 வர்த்தமானி, இலக்கம் 772/22. குடியிருப்புக்கோ வணிகப் பகுதிக்கோ ஒரு கிலோமீற்றருக்குள் இயந்திரம் கொண்டு கருங்கல் அகழ்வது முன்கூட்டிச் சுற்றாடல் ஆய்வு செய்ய வேண்டிய திட்டங்களில் ஒன்றாக அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீடு அரைக் கிலோமீற்றர் என்றால் முதல் கேள்வி அதுதான்: உளியிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய வருடம் எந்த ஆய்வு செய்யப்பட்டது?


சபைப்பக்கம் | ஓகஸ்ட் 13, இரவு 10.05

நான் ஒரு சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எது எண்டு கேட்காதேங்கோ. உங்கட சபையாயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சபைக் குவாரியை மூடினா ரோட்டுக்குக் கல்லைத் தனியாரிட்ட வாங்க வேணும். அந்தக் குவாரியும் ஒரு கிணத்துக்குப் பக்கத்திலதான் இருக்கும், உங்கட கிணறு இல்லை எண்டது மட்டும்தான் வித்தியாசம். ஊரில இருபது குடும்பம் எங்கட சம்பளத்தில சீவிக்குது. கிரவல் ரோட்டைக் கொங்கிரீட் போடச் சொல்லி மகஜர் குடுக்கிறதும் நீங்கள், கல்லு எடுக்க வேண்டாம் எண்டு குடுக்கிறதும் நீங்கள்.

தண்ணி சும்மா போகேல்ல. அடையல் தொட்டி கட்டியிருக்கு. அதில விட்டுத்தான் வாய்க்காலுக்குப் போகுது. உரிமத்தில இருக்கிற நிபந்தனை அது.


கணக்குவாத்தி | ஓகஸ்ட் 14, காலை 7.30

தொட்டி எத்தினை அடி நீளம், அகலம், ஆழம்?


சபைப்பக்கம் | ஓகஸ்ட் 14, மதியம் 12.40

20க்கு 10, ஆழம் 5 அடி.


கணக்குவாத்தி | ஓகஸ்ட் 14, மாலை 4.15

நன்றி. ஒளிக்காமச் சொன்னதுக்கே நன்றி.

20 பெருக்கல் 10 பெருக்கல் 5, ஆயிரம் கன அடி. ஏறக்குறைய 28,000 லீற்றர். கிடங்கு ரெண்டு ஹெக்டேயர் எண்டு வைப்பம், அஞ்சு ஏக்கர். மார்கழியில ஒரு நாளில 100 மில்லிமீற்றர் மழை எங்கட மாவட்டத்துக்குப் புதுசு இல்ல. அப்ப கிடங்குக்க விழுறது 2,000 கன மீற்றர், இருபது இலட்சம் லீற்றர். மலைச்சரிவில இருந்து வழிஞ்சு வாறதை நான் சேர்க்கேல்ல. அதை ஒரு நாளுக்க இறைச்சுத் தள்ளினா, உங்கட தொட்டிக்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்கிற நேரம் 20 நிமிசம்.

இனி கல்லுமா. 20 மைக்ரோன் பருமனான துணிக்கை ஒரு மீற்றர் கீழ இறங்க முக்கால் மணித்தியாலம் அளவில எடுக்கும். 2 மைக்ரோன் துணிக்கைக்கு, பருமன் பத்திலொண்டு, வேகம் நூறிலொண்டு: ஒரு நாள் முழுக்க விட்டாலும் ஒரு அடிதான் இறங்கும். அதுவும் அசையாத தண்ணியில. மலையடி வாளியில வைச்ச தண்ணி விடியத்தான் தெளிஞ்சது, தொட்டியில 20 நிமிசத்தில எப்பிடித் தெளியும்?

உங்கட தொட்டி கோடையில தூசிக்கு அடிக்கிற தண்ணிக்குச் சரி. மாரிக்கு அது தொட்டி இல்ல, வழியில ஒரு படிக்கட்டு.


சபைப்பக்கம் | ஓகஸ்ட் 14, இரவு 9.00

கணக்கு சரி. அந்தத் தொட்டியைக் கட்டேக்க கிடங்கு இப்ப இருக்கிறதில கால்வாசிகூட இல்ல. வேற சொல்ல விரும்பேல்ல.


பழைய_வெடிகாரன் | ஓகஸ்ட் 15, காலை 10.20

இந்த இழையை மகள்தான் வாசிச்சுக் காட்டினவ. அவதான் தட்டுறா, நான் சொல்லுறன்.

19 வருஷம் குவாரியில மருந்து நிரப்பினவன் நான். கலங்கல் கண்ணுக்குத் தெரியும், பிள்ளையள். தெரியாததைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

துளைக்கு அடியில ஒரு வெடிமருந்துக் குச்சி, அதுதான் முதல் தூண்டுறது. அதுக்கு மேல அமோனியம் நைட்ரேட்டில டீசல் கலந்து நிரப்புவம். நூறு கிலோவுக்கு ஆறு கிலோ அளவில டீசல். மேல கல்லுத்தூள் போட்டு இறுக்குவம். அமோனியம் நைட்ரேட் எண்டது வயலுக்கு எறியிற உரச்சாதிதான். உப்பை விட லேசாத் தண்ணியில கரையும். துளை காய்ஞ்சிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல, வெடிக்கேக்க முழுக்க எரிஞ்சு ஆவியாப் போயிடும்.

ஆனா கிடங்கு தண்ணி மட்டத்துக்குக் கீழ போனாப் பிறகு காய்ஞ்ச துளை எங்க இருக்கு? துளைச்சு அரை மணித்தியாலத்தில பாதித் துளைக்குத் தண்ணி ஊறி நிக்கும். கொம்பிரசரால ஊதி வெளியில எடுக்க வேணும். பொலித்தீன் உறை இறக்கி அதுக்குள்ள மருந்து போட வேணும். இல்லாட்டி தண்ணிக்குத் தாங்கிற குழம்பு மருந்துக் குச்சி வைக்க வேணும். அது விலை. சாமான் வாங்கிறவருக்கும் துளைக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கும் இடையில எப்பவும் வாறது இந்தச் சண்டைதான். நாலு மணிக்கு முதல் வெடி முடிக்க வேணும், பொலிஸ் நிக்குது, சுப்பவைசர் நேரம் பார்க்கிறார், கொட்டு உள்ளுக்க. நானும் கொட்டியிருக்கிறன். பொய் சொல்லேல்ல.

அப்பிடிக் கொட்டினா கால்வாசி கரைஞ்சு பாறை வெடிப்புக்குள்ள போகும். மிச்சம் அரைகுறையா எரியும். அது எப்பிடித் தெரியும் எண்டா, வெடிச்சாப் பிறகு புகையைப் பாருங்கோ. வெள்ளையா, சாம்பலா எழும்பிப் போனா வெடி நல்லா வேலை செய்திருக்கு. செம்மஞ்சளா எழும்பினா மருந்து ஈரம் பட்டிருக்கு. தம்பி மலையடி, உங்கட வீட்டில இருந்து புகை என்ன நிறத்தில தெரியுது?


மலையடி | ஓகஸ்ட் 15, மதியம் 1.05

ஐயா, அம்மாவிட்டக் கேட்டனான். "மாரியில வெடிச்சா தோடம்பழ நிறத்தில புகை வரும், கோடையில வெள்ளை" எண்டு சொன்னா. நான் இவ்வளவு நாளும் அது மழை மூட்டத்தில வெயில் படுறதால எண்டு நினைச்சன்.


கிண்ணியா_முன்னாள்_பிஎச்ஐ | ஓகஸ்ட் 16, காலை 9.00

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நான். வெடிகார ஐயா சொன்னதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

குடிதண்ணிக்கு எங்கட நாட்டுத் தரம் எஸ்எல்எஸ் 614. 2013இல புதுப்பிச்சது. நைட்ரேட் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை. கலங்கல் 2 அலகு. புளோரைட் 1 மில்லிகிராம். ஈ.கோலை ஒண்டும் இருக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்கிற தண்ணியில நைட்ரேட் கூடினா இரத்தம் ஒட்சிசன் காவுற சக்தி குறையும், பிள்ளை நீலம் பாரிக்கும். இங்க ஒரு விசயம், தாய்மார் பிழை விடுறது இதிலதான்: கொதிக்க வைச்சா நைட்ரேட் போகாது. தண்ணி ஆவியாக, மிச்சம் இருக்கிறதில அது இன்னும் கூடும். குளோரின் போட்டாலும் போகாது.

தம்பி, சோதனைக்குக் குடுக்கக்குள்ள நைட்ரேட் மட்டும் கேட்டா ஏமாந்து போவீங்க. அது வயல் யூரியாவில இருந்தும் வரும், மலசலகூடக் குழியில இருந்தும் வரும். சபைக்காரர் அதைத்தான் சொல்லுவாங்க, சொல்றதுல நியாயமும் இரிக்கி. அதனால அமோனியா, நைட்ரைட், குளோரைட், ஈ.கோலை எல்லாம் சேர்த்துக் கேளுங்க. ஈ.கோலையும் குளோரைட்டும் கூடி நைட்ரேட்டும் கூடினா முதல்ல உங்கட குழியைச் சந்தேகப்படுங்க. கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி இரிக்கா?

அறிக்கை கையில வந்தா "நைட்ரேட்" என்டு போட்டிருக்கா, "நைட்ரேட் நைதரசன்" என்டு போட்டிருக்கா பாருங்க. பின்னது என்டா 4.43ஆல பெருக்கணும். நைதரசன் 11 அளவில வந்தா அதுவே 50ஐத் தொட்டுட்டுது. இதை விளங்காம "11தானே, 50க்குள்ள" என்டு கையெழுத்து வைச்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

கொட்டியாரத்தான் நானா, சிறுநீரக நோய் பதவிசிறிபுரப் பக்கம் இருக்கிறது உண்மை. அதைக் குவாரியில கட்டாதீங்க. ஒரு பொய்யைக் கலந்தா மிச்ச உண்மையையும் தூக்கி எறிஞ்சிருவாங்க. கன்னியாத் தண்ணி ஆழப் பாறை வெடிப்பு வழியா வாறது, அது வேற இடம், வேற கதை.


கொட்டியாரத்தான் | ஓகஸ்ட் 16, இரவு 8.45

சரி, சரி. வாய் மூடுறன். ஆனா சோதனைக் காசு நான் அனுப்புறன். அதுக்காவது வேண்டாம் எண்டாதேங்கோ.


சட்டம்_கொஞ்சம் | ஓகஸ்ட் 17, மாலை 5.10

வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள் அண்ணா.

மலையடி, ஒன்று செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபைக்கும் சுற்றாடல் அதிகார சபைக்கும் தனித்தனியாக விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "குவாரி பற்றிய சகல தகவல்களும்" என்று எழுதாதீர்கள், ஒன்றும் வராது. ஈபிஎல் விண்ணப்பப் படிவத்தின் தண்ணீர் சம்பந்தமான பக்கத்தின் பிரதி என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, வெளியே விடுவது எவ்வளவு, கடைசியாக எங்கே போய்ச் சேருகிறது என்று அந்தப் படிவத்திலேயே கேட்கப்படும். நீங்கள் முதலில் கேட்ட "தண்ணீர் உரிமம்" நம் நாட்டில் நடைமுறையில் அந்த ஒரு பக்கம்தான். அதில் விண்ணப்பதாரி எழுதியதும் நீங்கள் கண்ணால் காண்பதும் ஒன்றா என்று பார்ப்போம்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஆனால் அதற்கு முன் எத்தனை வருடம் "எண்ணெய் இருக்கிறதா, இல்லையா" என்றே இழுபட்டது. நம்மிடம் அந்த இழுபறிக்கு இடம் கொடுக்கக் கூடாது.


வயற்காரி | செப்ரெம்பர் 3, இரவு 7.30

இழை செத்துப் போச்சா?


மலையடி | செப்ரெம்பர் 19, இரவு 10.30

சாகேல்ல அக்கா. காத்துக்கொண்டு இருந்தனான்.

முதல் படிவம். சுற்றாடல் அதிகார சபைப் பக்கத்தில இருந்து பிரதி வந்தது. தண்ணி எடுக்கிற இடம்: "குழாய் நீர்". வெளியில விடுற அளவு: "இல்லை". கடைசியாப் போய்ச் சேருற இடம்: ஒரு கோடு. பேனையால நேரா இழுத்த கோடு. வயற்காரி அக்காவின்ர வாய்க்கால் அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கு.

சபையில இருந்து வந்த பதில் "கோப்பு தேடப்படுகிறது".

இனிச் சோதனை. அஞ்சு கிணறும் கிடங்கும். பிஎச்ஐ நானா சொன்ன மாதிரியே போத்தல் கழுவி, ஐஸ் பெட்டியில வைச்சு, அண்டைக்கே கொண்டு போய்க் குடுத்தம். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. என்ர கிணத்தில ஈ.கோலை. நைட்ரேட்டும் இருக்கு, 50க்குக் கீழ. நாடா வைச்சு அளந்து பார்த்தன், குழிக்கும் கிணத்துக்கும் 31 அடி. தங்கச்சியின்ர கலியாணத்துக்கு அவசரமாக் கட்டின மலசலகூடம். ஒரு மாசமாக் குவாரியைத் திட்டிக்கொண்டு இருந்தவன், கடைசியில என்ர வீட்டுக்குப் பின்னால பார்க்காம இருந்திருக்கிறன்.

ஆனா கதை அதோட முடியேல்ல. கிடங்குக்குக் கிட்ட, வாய்க்காலோட ஒட்டி ஒரு கிணறு. அந்த வீட்டில ஆக்கள் இல்ல, மலசலகூடமும் இல்ல, சுத்திவர வயலும் இல்ல. ஈ.கோலை இல்ல, குளோரைட் குறைவு. நைட்ரேட் 50ஐத் தாண்டியிருக்கு, அமோனியாவும் இருக்கு. கிடங்குத் தண்ணியும் அப்பிடியே. பவுசரில வந்தது அந்தத் தண்ணி.


கிண்ணியா_முன்னாள்_பிஎச்ஐ | செப்ரெம்பர் 19, இரவு 11.20

தம்பி, பவுசரை நாளைக்கே நிப்பாட்டச் சொல்லுங்க. இதுக்கு உரிமமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். அறிக்கையின்ட பிரதியை எடுத்துக்கொண்டு காலையில சுகாதார வைத்திய அதிகாரிக்கிட்ட போங்க. கைக்குழந்தை இருக்கிற வீடு எத்தனை என்டு குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸுக்கிட்ட பட்டியல் இரிக்கி, முதல்ல அந்த வீடுகள்.

உங்கட கிணறு பற்றி வெட்கப்படாதீங்க. அதையும் அறிக்கையில அப்படியே வைங்க, மறைக்காதீங்க. உங்கட பிழையை நீங்களே காட்டினா மற்ற கிணத்தை அவங்களால தட்டிக்கழிக்க ஏலாது.


சபைப்பக்கம் | செப்ரெம்பர் 20, காலை 6.10

பவுசர் விசயம் எனக்கு இண்டைக்குக் காலமைதான் இப்பிடி விளங்குது. தண்ணி தெளிவா நிண்டது, வடிகட்டினது மாதிரி. உண்மையாச் சொன்னா அதைப் பார்த்து நானே முகம் கழுவியிருக்கிறன்.


பழைய_வெடிகாரன் | செப்ரெம்பர் 20, காலை 8.40

கண்ணாடி மாதிரித்தான் நிக்கும் தம்பி. உப்புக் கரைச்ச தண்ணியும் தெளிவுதானே.

மகள் கேட்கிறா இதுக்கு வழி என்ன எண்டு. குவாரியை மூட வேணும் எண்டு நான் சொல்லமாட்டன், அந்தச் சம்பளத்திலதான் இவளைப் படிப்பிச்சனான். ஈரத் துளைக்கு உறையில்லாம மருந்து கொட்டக் கூடாது. சிந்தினதை அள்ளி எடுக்க வேணும், தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது. கார்த்திகை மார்கழி ரெண்டு மாசமும் அடித்தட்டில வெடி வேண்டாம், மேல் தட்டில எடுங்கோ. கோடையில கல்லை உடைச்சுக் குவிச்சு வைச்சா மாரிக்குக் காணும். முந்தி அப்பிடித்தான் செய்தனாங்கள். தண்ணிக்காக இல்ல, மழையில மருந்து வீணாப் போகும் எண்டதுக்காக.


கணக்குவாத்தி | செப்ரெம்பர் 20, மாலை 3.30

ஐயா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். தொட்டியைப் பெருப்பிக்கக் காசு இல்லையெண்டா, கிடங்கின்ர அடியிலேயே ஒரு மூலையை ஆழமாக்கி அதை அடையல் குளமா விடலாம். மோட்டரை அதில இருந்து எட்டத்தில, மிதக்கிற குழாயால மேல் தண்ணியை மட்டும் இறைக்கிற மாதிரி வைக்கலாம். வெளியில விடுற தண்ணிக்கு 2008 தரம் மிதக்கிற துகள் லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு இது உதவும். நைட்ரேட்டுக்கு உதவாது, அது துளையிலேயே நிப்பாட்ட வேண்டியது.


சட்டம்_கொஞ்சம் | செப்ரெம்பர் 21, காலை 11.00

உரிமம் புதுப்பிக்கும் கந்தோருக்கு என் பெயரில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோடு போட்ட பக்கத்தின் பிரதி, ஆறு அறிக்கை, வாய்க்கால் படம். புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதவில்லை. புதுப்பிக்கும் உரிமத்தில் மூன்று நிபந்தனை சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: இறைக்கும் மோட்டருக்கு ஒரு தண்ணீர் மானி, இரண்டு கண்காணிப்புக் கிணறு, வெடிக்குப் பிறகும் மழைக்குப் பிறகும் நைட்ரேட் சோதனை. இப்போது இருக்கும் தரம் வாய்க்கால் வாயில் அளப்பதற்கு மட்டும்தான். பாறை வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போவதை அது பார்ப்பதே இல்லை.

அவர்கள் கேட்கவில்லை என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது, பொதுத் தொல்லை. ஆனால் அதற்கும் கேட்பார்கள்: மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? முன் அளவு நம் கையில் ஒருமுறைதான் இருக்கிறது. மாரிக்கு முன் இன்னொரு முறை எடுத்தாக வேண்டும்.


மலையடி | ஒக்ரோபர் 8, இரவு 9.15

பவுசர் நிண்டு மூண்டு கிழமை. இப்ப நீர் வழங்கல் சபைக் குழாயில இருந்து நிரப்பி வருது, கந்தளாய்த் தண்ணி. கிழமைக்கு ரெண்டு தரம்தான், ஆனா வருது. சபைக் கோப்பு இன்னும் தேடப்படுது. என்ர புதுக் குழி கிணத்துக்கு மற்றப் பக்கத்தில, 58 அடியில வெட்டியாச்சு. அம்மாவுக்குப் பூங்கண்டு ரெண்டு போனதில கோவம்.

ரெண்டாம் தரம் தண்ணி எடுக்க வேணும். கிடங்கு கேற் பூட்டிக் கிடக்கு, காவலாளி எங்களைக் கண்டா நாயை அவிட்டு விடுறான்.


சபைப்பக்கம் | ஒக்ரோபர் 8, இரவு 11.50

சனிக்கிழமை காலமை எட்டு மணிக்குக் கேற் திறந்திருக்கும். நாய் கட்டியிருக்கும். அதுக்கு மேல என்னட்ட ஒண்டும் கேட்காதேங்கோ.


வயற்காரி | ஒக்ரோபர் 9, காலை 5.35

கிழக்கால கறுத்துக்கொண்டு வருது. சனி வரைக்கும் மழை பொறுக்குமோ தெரியா, வெள்ளியே திறக்க ஏலுமெண்டா நல்லம். கயிறும் வாளியும் நான் கொண்டு வாறன். போத்தல் ஆரிட்ட?


பழைய_வெடிகாரன் | ஒக்ரோபர் 9, காலை 7.00

போத்தல் எங்கட வீட்டில கழுவிக் கவிட்டு வைச்சிருக்கு. மகளும் வாறாளாம்.


சபைப்பக்கம் | ஒக்ரோபர் 9, காலை 7.20

சரி. வெள்ளி.